பஸ் ஸ்டாண்டில் ஒரு கட்டாமை

எங்கள் சங்கத்தின் வரைபடத்தை நம்பினால், தர்மபுரி மாவட்டத்துக் கட்டாமைகள் எல்லாம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில்தான் குடியிருந்தன. சேலம் வண்டிகள் நிற்கும் இடத்துக்கும் கட்டணக் கழிப்பறைக்கும் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. மாவட்டம் முழுவதற்கும் அந்த ஒரு புள்ளிதான். அதை அங்கே வைத்தவர்கள் விவரம் கெட்டவர்கள் இல்லை. பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்கிறவர்கள். அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அது உயிரினப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்களின் சங்கம். காட்டில் அலைகிறவர்கள், கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள், ஆய்வகத்தை விட்டு எழுந்திருக்காதவர்கள் என்று பல ஊர்களில் உறுப்பினர்கள் உண்டு. நான் அரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். செயற்குழுவில் எனக்கும் ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள். சின்ன ஊர்க்காரி, அதிலும் பெண். இரண்டு குறையையும் ஒரே நாற்காலியில் தீர்த்துக்கொண்டார்கள்.

கட்டாமை என்றால் நட்சத்திர ஆமை. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருக்கும். பார்க்க லட்சணமாக இருப்பதுதான் அதற்குப் பிடித்த சனியன். சாக்கில் அள்ளிக்கொண்டு போய், காலுறைக்குள் திணித்து, பெட்டியில் அடுக்கி விமானம் ஏற்றிவிடுகிறார்கள். எங்கோ ஒரு பணக்காரர் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கீரை தின்றுகொண்டு கிடப்பதற்காக. அதனால் எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. திருட்டுப் போகும் உயிரினம் எதுவானாலும், அது இருக்கும் இடத்தை வெளியே சொல்லக் கூடாது.

பெயருக்கு எழுதிவைத்த விதி என்று நினைத்துவிட வேண்டாம். எங்களுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போனது. புகைப்படம் காட்டும்போது பின்னால் மலையின் விளிம்பு தெரிந்தால் அதை வெட்டிவிடுவோம், மலையை வைத்து ஊரைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று. மாநாட்டில் பேசும்போது ‘வடதமிழகத்தில் ஓர் இடம்’ என்போம். எந்த ஊர் என்று சக உறுப்பினரிடம் கேட்பது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைவிட அநாகரிகம். சங்கத்தின் இணையதள வரைபடத்தில் நாம் எந்த இடத்தைக் கொடுத்தாலும் புள்ளி தானாக நகர்ந்து மாவட்டத் தலைநகரின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படித்தான் என் ஆமைகள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தன. விதியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. திருடனை மனதில் வைத்துச் செய்தது. கல் உடைக்கிறவனை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

என் பிறந்த வீடு பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், ஒரு கரட்டின் அடியில் இருக்கிறது. கரடு பெரிய மலை ஒன்றும் இல்லை. பாறையும் முள்ளுமாகக் கிடக்கும் மேடு. கோடையில் பார்த்தால் ஆடு மேய்க்கிறவர்கள்கூட வேண்டாம் என்று போய்விடுவார்கள். மழை பெய்து புல் முளைத்துவிட்டால், சூரைப் புதர்களுக்கும் கள்ளிக்கும் இடையிலிருந்து ஆமைகள் வெளியே வந்து மேயும். கல்யாணமாகி அரூருக்கு வந்த பிறகும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நான் அங்கேதான் கிடந்தேன். எந்த ஆமை எந்தப் புதரில் படுக்கும் என்று எனக்கு அத்துப்படி. என் பட்டம், என் கட்டுரைகள், செயற்குழு நாற்காலி எல்லாம் அந்தக் கரடு போட்ட சோறு.

கரட்டடி வீட்டில் இப்போது என் அண்ணன் குடும்பம் இருக்கிறது. குச்சிக்கிழங்கு போடுகிறார், கொஞ்சம் மஞ்சளும் உண்டு. என் ஆமை வேலை அவருக்கு எப்போதுமே கேலிதான். நான் போய் இறங்கியதும், “என்ன பாப்பா, உன் புள்ளைங்களுக்குச் சளி காய்ச்சல் ஒண்ணும் இல்லியே?” என்றுதான் கேட்பார். எனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே கேட்பார். எனக்கும் தவறாமல் வரும்.

அந்தக் கோடையில் போன் செய்தபோது அவர் குரலில் கேலி இல்லை.

“பாப்பா, கரட்ட ஒடைக்கப் போறாங்களாம். கல்குவாரி வருதாம். ஜனங்ககிட்ட கருத்துக் கேக்குறோம்னு ஆட்டோவுல மைக்கு கட்டிச் சொல்லிட்டுப் போறான்.”

“எப்பண்ணா?”

“அடுத்த மாசம். வெடி வெச்சான்னா நம்ம போர்ல தண்ணி நிக்காது. வூடு நிக்குமோ என்னமோ, அதுவும் தெரியல. நாங்க போய்க் கத்துனா எவன் கேப்பான்? உங்க சங்கத்துல பெரிய பெரிய ஆளுங்க இருக்காங்கன்னு சொல்லுவியே. அவங்கள்ல ஒருத்தரு வந்து, இங்க இந்த ஆமை இருக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்னு வக்கீல் சொல்றாரு.”

வக்கீல் சொன்னது சரிதான். சட்டம் முதல் பட்டியலில் வைத்துப் பாதுகாக்கும் உயிர் கட்டாமை. குவாரிக்காரர்கள் தயாரித்திருந்த அறிக்கையில், அந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட உயிரினம் எதுவும் இல்லை என்று போட்டிருந்தார்கள். அதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டியது எங்கள் சங்கத்தின் வரைபடத்தை. நான் தனியாகப் போய்ப் பேசினால், அண்ணன் நிலத்துக்காகத் தங்கச்சி கதை கட்டுகிறாள் என்பார்கள். சங்கம் சொன்னால் அது அறிவியல். ஆக, வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஒருவர் எழுந்து, இந்தக் கரட்டில் இந்த உயிர் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். செயற்குழு சம்மதித்தால் அது நடக்கும்.

செயற்குழு வழக்கமாகச் சென்னையிலோ பெங்களூரிலோ கூடும். இந்த முறை தர்மபுரியில் வையுங்கள் என்று கேட்டேன். கரட்டை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் மனசு இறங்கிவிடும் என்று ஒரு நப்பாசை. செயலாளர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். “நல்ல ஐடியா மேடம். அப்படியே மறுநாள் ஒகேனக்கல் போயிட்டு வந்துடலாம்” என்றார். எதற்காக ஒத்துக்கொண்டார் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு லாட்ஜின் மாடியில் சின்ன ஹால் பிடித்திருந்தேன். அன்று காலை அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு மூட்டை மாம்பழத்தோடு வந்து இறங்கினார். நான் அழைக்கவில்லை. பெரியவர்கள் வருகிறார்கள், நேரில் நின்று ஒரு வணக்கமாவது வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பையாகப் பிரித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வாசலிலேயே செயலாளர் மிக மரியாதையாகச் சொன்னார்: “சார் கீழ வெயிட் பண்ணட்டும் மேடம். குழு உறுப்பினர்கள் மட்டும்தான் உள்ள இருக்கணும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். “பரவால்லீங்க சார், நான் கீழ குந்தியிருக்கிறன். நீங்க பொறுமையாப் பேசுங்க.”

பொறுமைக்குக் குறைவே இல்லை. முதலில் எடுத்துக்கொண்டது அடுத்த ஆண்டு மாநாட்டுக்கான சணல் பை. பையில் என்ன படம் போடுவது என்று பேச்சு. யாரோ நட்சத்திர ஆமை என்றார்கள். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. படம் திரையில் வந்தது. ஓட்டில் கோடுகள் சரியில்லை என்றார் ஒருவர். கோடு சரி, நிறம்தான் வாழைப்பழ மஞ்சளாகப் போய்விட்டது என்றார் இன்னொருவர். ஆமை இடது பக்கம் பார்ப்பதா வலது பக்கம் பார்ப்பதா என்று ஒரு வாதம் கிளம்பியது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். என் அண்ணன் கீழே மாம்பழத்துக்குக் காவல் இருந்தார்.

எங்கள் சங்கத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. தொடங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை என்பதில் தலைவருக்கு அப்படி ஒரு பெருமை. அவர் வயதான பேராசிரியர், யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லாதவர். எல்லாம் ஒருமனதாக நடக்க வேண்டும் என்பார். “மாற்றுக் கருத்து உண்டா?” என்று கேட்டுவிட்டு ஒரு சுற்றுப் பார்ப்பார். யாரும் வாயைத் திறக்காவிட்டால் தீர்மானம் நிறைவேறியது. ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிடுவார். ஊரில் சண்டை போட்டுக்கொண்டு திரிகிற ஜனங்களைப் பார்த்தவளுக்கு இது பெரிய நாகரிகமாகத் தெரிந்த காலம் ஒன்று உண்டு. சணல் பை ஒருமனதாக நிறைவேறியது. ஆமை வலது பக்கம் பார்க்கும்.

மதியத்துக்குக் களி சொல்லியிருந்தேன். அவர்கள்தான் ‘லோக்கல் ஃபுட்’ வேண்டும் என்று கேட்டார்கள். தட்டில் களி உருண்டையைப் பார்த்ததும் எல்லோரும் செல்போனை எடுத்தார்கள். தின்றது பாதி, படம் எடுத்தது மீதி. அண்ணனைக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னேன், தன் சாப்பாடு ஆயிற்று என்று பொய் சொன்னார்.

என் விஷயம் கடைசியில் வந்தது. ‘தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்’ என்ற தலைப்பின் கீழ். வயிறு நிரம்பியவர்கள் நாற்காலியில் சாய்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று, ஊரின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தேன். பாதிப் பெயர்கூட வெளியே வரவில்லை, செயலாளர் கையை உயர்த்திவிட்டார்.

“மேடம், எடத்தோட பேரு வேண்டாம். மினிட்ஸ்ல வந்துடும்.”

“சார், பேரு பேப்பர்லயே வந்திருக்கு. கருத்துக்கேட்பு அறிவிப்புல கொட்டை எழுத்துல போட்டிருக்கான்.”

“குவாரி வர்ற எடம்தான் மேடம் அதுல வந்திருக்கு. ஆமை இருக்கிற எடம் வரல.”

ரெண்டும் ஒரே இடம்தானய்யா என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. பெயர் இல்லாத ஒரு கரட்டைப் பற்றி, பெயர் இல்லாத ஓர் ஊரைப் பற்றி, காற்றில் கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். ஆமைகளைச் சொன்னேன். வெடியைச் சொன்னேன். கரட்டடி வீடுகளையும் சொன்னேன், என் அண்ணன் வீடு அதில் ஒன்று என்பதையும் மறைக்கவில்லை. முடித்துவிட்டு, மாலையில் எல்லோரும் வந்து ஒரு முறை பாருங்கள், வேன் சொல்லியிருக்கிறேன் என்றேன்.

“நாம ஒரு வேன் நெறைய ஆளுங்க போய் எறங்குனா, எடம் இதுதான்னு நாமளே காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடாதா மேடம்?” என்றார் செயலாளர்.

அந்த மனிதரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆசைதான். சொல்ல முடியவில்லை. அவர் ஒரு காலத்தில் பாறையில் வாழும் ஒரு பல்லியைப் பற்றிக் கட்டுரை எழுதி, இடத்தையும் குறிப்பிட்டிருந்தார். அடுத்த பருவத்தில் போய்ப் பார்த்தால் பாறை துடைத்துவைத்தது போலக் கிடந்ததாம். “என் கட்டுரைய பிரிண்ட் எடுத்துக் கையில வெச்சுக்கிட்டே வந்திருக்காங்க மேடம். அன்னையிலேர்ந்து நான் எந்த எடத்தையும் யாருக்கும் சொல்றதில்ல” என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கும் புரியாமல் இல்லை.

“சார், நீங்க சொல்றது நெசம். எடத்தச் சொன்னா சாக்கத் தூக்கிட்டு எவனாச்சும் வருவான். சொல்லாட்டி ஜேசிபி வரும். சாக்குல பத்து ஆமை போவும், ஜேசிபில கரடே போயிடும். எது பரவால்லைன்னு நீங்களே சொல்லுங்க.”

ஒருவர் தண்ணீர் குடித்தார். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “உங்க வேதனை எனக்குப் புரியுதும்மா. ஆனா விதிய நாமே உடைச்சா, நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஒரு காரணம் கொண்டு வருவாங்க” என்றார். பிறகு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். “சங்கத்தின் சார்பில் ஒருவர் போய் இடத்தைச் சொல்வது. மாற்றுக் கருத்து உண்டா?”

“எனக்கு உண்டு சார்” என்றார் செயலாளர். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

“சரி. அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கலாம்.”

அடுத்த கூட்டம் மழைக்காலத்தில். கருத்துக்கேட்பு அடுத்த வாரம். இது அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஓட்டெடுப்பு வையுங்கள் என்றேன். அப்படி ஒரு வழக்கம் நம்மிடம் இல்லையே அம்மா என்றார் தலைவர், நான் ஏதோ கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்டது போலப் பார்த்துக்கொண்டு. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

“அப்ப எனக்கும் ஒரு மாற்றுக் கருத்து உண்டு சார். அந்த சணல் பை வேண்டாம். அதையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைங்க.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். “அது நிறைவேறிப்போச்சும்மா” என்றார் தலைவர், வெகு அன்பாக. பிறகு நன்றியுரை சொன்னார்கள். ஏற்பாடுகள் சிறப்பாக இருந்ததாக எனக்குத்தான் நன்றி.

நான் கீழே இறங்கி வந்தபோது அண்ணன் எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்தார். படியிறங்கிய ஒவ்வொருவர் கையிலும் ஒரு பையைக் கொடுத்துக் கும்பிட்டார். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். செயலாளர் ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்து, என்ன வாசனை என்று தலையை ஆட்டினார். வேன் கிளம்பிய பிறகுதான் அண்ணன் என்னிடம் கேட்டார்.

“வர்றேன்னாங்களா பாப்பா?”

“அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்னுட்டாங்கண்ணா.”

“அது எப்போ?”

“மழைக்கு.”

அவர் காலியான சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “மேல ஏதோ சிரிக்கிற சத்தம் கேட்டுது. நல்ல சேதின்னு நெனச்சுட்டன்” என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

கருத்துக்கேட்பு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நான் போனேன். சங்கத்தின் பெயரைச் சொல்லாமல், என் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, கரட்டைச் சொல்லி, எந்தச் சரிவில் எந்தப் புதரில் என்பது வரை சொன்னேன். கடத்தல்காரன் கேட்டால் கேட்டுக்கொண்டு போகட்டும் என்ற வெறிதான் அப்போது. வெளியே யாரிடமும் சொல்லாததை அத்தனை பேர் முன்னால் மைக்கில் சொல்வது துணியை அவிழ்ப்பது போல இருந்தது.

நான் உட்கார்ந்ததும் குவாரிக்காரர்களின் ஆலோசகர் எழுந்தார். கோட்டு போட்ட ஆள். திரையில் எங்கள் வரைபடத்தைப் போட்டார். “மேடம் செயற்குழு உறுப்பினரா இருக்கிற சங்கத்தோட மேப்தான் இது. நட்சத்திர ஆமை எங்க இருக்குன்னு நீங்களே பாருங்க” என்று சொல்லிப் புள்ளியைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். தெரு தெரிந்தது. பஸ் வரிசை தெரிந்தது. மண்டபமே சிரித்தது. எங்கள் ஊர்க்காரர்கள்கூடச் சிரித்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆமை திருடனுக்குப் பயந்து நாங்களே அங்கே வைத்த பொய் அது என்று சொன்னேன். “அப்ப உங்க சங்கம் பொய் சொல்லும்னு ஒத்துக்கிறீங்க” என்றார் அந்த ஆள். மேடையில் இருந்த அதிகாரி எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொன்னார்.

அண்ணனும் பேசினார். போர் தண்ணீரைப் பற்றி, வீட்டுச் சுவரைப் பற்றி. கூட்டத்தில் ஒருவன், குவாரி வந்தால் நாலு பேருக்கு வேலை கிடைக்கும், ஆமையும் சுவரும் சோறு போடுமா என்று கேட்டான். அவனும் எங்கள் ஊர்தான். பையனுக்கு வேலை இல்லாமல் நொந்துபோய் இருக்கிறவன். அவனை என்ன சொல்வது?

நான் இடத்தை வெளியே சொன்ன செய்தி சங்கத்துக்குப் போய்ச் சேர இரண்டு நாள் ஆகவில்லை. விதியை மீறியதற்கு உங்களை ஏன் நீக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. வரைபடத்திலிருந்து அந்தப் புள்ளியையும் எடுத்துவிட்டார்கள். விளக்கம் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வசவாகவே வந்தது. அனுப்பாமல் விட்டேன்.

குவாரிக்கு அனுமதி வந்தது. நான் மைக்கில் சொன்னது முழுக்க வீணாகவில்லை, அதற்கு மதிப்புக் கொடுத்து ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். வேலை தொடங்கும் முன், அங்குள்ள நட்சத்திர ஆமைகளை ஓர் அறிவியல் அமைப்பைக் கொண்டு பிடித்து, தகுந்த வேறு இடத்தில் கொண்டு போய் விட வேண்டும். வீடுகளுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. வெடி வைப்பதற்கு முன்பு சங்கு ஊதி எச்சரிக்க வேண்டும்.

அறிவியல் அமைப்பு எது என்று சொல்ல வேண்டியதில்லை. குவாரிக்காரர்கள் நேரே எங்கள் தலைவரிடம் போய்விட்டார்கள். செயலாளர் என்னைப் போனில் கூப்பிட்டார். பழைய மின்னஞ்சலைப் பற்றிப் பேச்சே இல்லை. “மேடம், நடந்தது நடந்துபோச்சு. அந்த எடம் உங்களத் தவிர யாருக்கும் தெரியாது. நீங்கதான் முன்னால நின்னு செய்யணும். நம்ம சங்கத்துக்கு இது முதல் பெரிய ப்ராஜெக்ட்” என்றார்.

“எடத்தோட பேரு மினிட்ஸ்ல வரலாமா சார்?” என்று கேட்டேன். அவர் கேட்காதது போலக் கூட்டத்தின் தேதியைச் சொன்னார்.

இதற்காகவே இணையவழியில் செயற்குழு கூடியது. அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோர் முகமும் சின்னச் சின்னக் கட்டங்களில் வரிசையாகத் தெரிந்தது. தலைவர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். ஊரின் பெயரைத் தெளிவாக, முழுசாகச் சொன்னார். பிறகு கேட்டார். “மாற்றுக் கருத்து உண்டா?”

அந்த வழக்கப்படி, நான் ஒருத்தி வேண்டாம் என்றால் போதும். எல்லாம் மழைக்காலத்துக்குத் தள்ளிப்போகும். எல்லோருடைய வாயும் அடைத்துப்போகும். அந்த ஒரு நொடி எவ்வளவு ருசியாக இருந்தது என்று சொல்லி முடியாது. ஆனால் ஜேசிபி மழைக்காலம் வரை நிற்காது. கோடையில் என் ஆமைகள் வேருக்கடியில் அசையாமல் கிடக்கும். ஓடத் தெரியாது. நாங்கள் இல்லாவிட்டால் வேறு எவனையாவது வைத்து இரண்டு ஆமையைப் பிடித்துக் காட்டிவிட்டு, மீதியின் மேல் பாறையைச் சரித்துவிடுவார்கள். பேசாமல் இருந்தேன். ஒரு சுற்று எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தலைவர் ஒருமனதாக என்றார். அந்த மனதில் என் மனதும் சேர்ந்துவிட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு கசப்பாக எதையும் விழுங்கியதில்லை.

ஒன்று மட்டும் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். மழை பெய்து ஆமைகள் வெளியே வரும்வரை கரட்டில் யாரும் கை வைக்கக் கூடாது, விடுகிற இடத்தை நன்றாகப் பார்த்த பிறகுதான் பிடிக்கத் தொடங்குவோம் என்று. குவாரிக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். எந்திரங்கள் வர எப்படியும் அவ்வளவு நாள் ஆகுமாம், அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மழை பெய்தது. புல் முளைத்தது. சங்கத்திலிருந்து வந்தவர்கள் ஆளுக்கொரு சரிவில் பிரிந்துகொண்டார்கள். செயலாளர் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வோர் ஆமையையும் இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கினார். அவர் மேல் எனக்கு இரக்கம் வரக் கூடாது என்று மனதைக் கெட்டியாக வைத்துக்கொண்டேன்.

கொண்டுவந்த பெட்டிகள் போதவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போய்த் தக்காளி கிரேடுகளை அடுக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தார். அடியில் வைக்கோல் பரப்பிக் கொடுத்தார். நான் ஆமைகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தேன். கீழே, அவர் வீட்டுக்குப் பின்னால், குவாரிக்காரர்கள் நட்டுவிட்டுப் போன எல்லைக் கற்கள் தெரிந்தன.

“போற எடத்துல தண்ணி இருக்குதா?” என்று கேட்டார்.

“இருக்குதுண்ணா. ஓடை ஒண்ணு இருக்குது. கோடையிலயும் கசியும்.”

“தீனி?”

“எல்லாம் பாத்தாச்சு. மழைக்கு முன்ன ஒருக்கா, பின்ன ஒருக்கா போய்ப் பாத்தோம். மண்ணக்கூட எடுத்துச் சோதிச்சுட்டோம்.”

“அங்கயும் வந்து வெடி வெச்சான்னா?”

“அங்க குவாரி கிடையாது. இனிமேலும் வராது. அதெல்லாம் விசாரிச்சுக் கேட்டுக்கிட்டுத்தான் அந்த எடமே முடிவு பண்ணோம்.”

அண்ணன் கிரேடுக்குள் பார்த்துக்கொண்டே குந்தியிருந்தார். வழக்கம்போல ஏதாவது கேலி வரும் என்று நினைத்தேன். வந்தால் இந்த முறை சிரித்துவிட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

“எனக்கும் அப்புடி ஒரு எடம் பாத்துக் குடு பாப்பா” என்றார்.